மார்ச் பதினாலு, வியாழக்கிழமை

உக்காருங்க தம்பி. அந்த ஓரத்து நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இங்க வாங்க. டோக்கன் என்ன, முப்பத்தாறா? இப்பதான் பத்தொம்பது உள்ள போயிருக்கு. உங்களுக்குப் பதினோரு மணி ஆயிரும். யாருக்கு, இந்தா பக்கத்துல இருக்கிற அப்பாவுக்கா? பக்கவாதம் வந்ததுல ஞாபகம் தப்புதா? பேச்சு இருக்கா? பேச்சு இருந்தாப் பாதிக் கவலை விட்டுது. இல்ல, அப்படியும் சொல்லிர முடியாது. இவளுக்குப் பேச்சு நல்லாத்தான் இருக்கு.

இவ என் வீட்டுக்காரி, எமிமா. தம்பிக்கு வணக்கம் சொல்லு. பாத்தியளா, எப்படிச் சிரிக்கா? புதுசாப் பாக்கிறவனுக்கு இவகிட்ட ஒரு குறையும் தெரியாது. போன மாசம் ஒரு நர்சு என்னைத்தான் பேஷண்டுன்னு நினைச்சு வீல்சேரைத் தள்ளிக்கிட்டு வந்துட்டா.

என் பேரு ஞானதிரவியம். சொந்த ஊரு ஏரல். கணக்கு வாத்தியார், முப்பத்தொரு வருஷம். ரிட்டயர்ட் ஆகி நாலு வருஷமாச்சு, இப்பவும் வீட்டுல டியூஷன் நடக்கு. கையில என்ன காயிதம்னு பாக்கிறிய, இல்லியா? மனு. மறுமதிப்பீடு கேட்டு எழுதியிருக்கேன். சிரிக்காதிய. பத்தாங்கிளாஸ் பையனுக்கு ரெண்டு மார்க் குறைஞ்சாலே மறுகூட்டல் கேக்க உரிமை இருக்கு. என் பொண்டாட்டிக்குப் பதினெட்டு மார்க் குறைச்சிருக்காங்க. நான் கேக்கப்படாதா?

முழுசாச் சொல்லுதேன், அப்பதான் உங்களுக்கு விளங்கும். உங்க அப்பாவுக்கும் உபயோகப்படும்.

ரெண்டு வருஷம் ஆகப்போகுது. நவம்பர் மாசம், மூளைக்காய்ச்சல். மூணு நாள் தலைவலின்னு படுத்தா, நாலாம் நாள் வலிப்பு வந்துட்டு. பத்தொம்பது நாள் நினைவு இல்ல. இவ சத்துணவு அமைப்பாளரா இருந்தவ பாத்துக்கிடுங்க. நூத்தி நாப்பது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போட்டவ. எந்தப் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்காது, எவன் வீட்டுல காலையில அடுப்புப் பத்தலன்னு நோட்டுப் பாக்காமச் சொல்லுவா. அப்பேர்ப்பட்டவ பத்தொம்பது நாள் கழிச்சுக் கண்ணு முழிச்சா. என்னைப் பாத்து, "அத்தான், நீங்க சாப்பிட்டியளா?"ன்னா. நான் ஆஸ்பத்திரித் தரையில முழங்கால் போட்டுட்டேன். எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சேன்.

அரை மணி நேரத்துல அதே கேள்வியை ஏழு தடவ கேட்டா.

பழசு இருந்தது தம்பி. எங்க கல்யாணம் தெரியும், மக பெனிட்டா பொறந்தது தெரியும், கோயில்ல பாடுற ஞானப்பாட்டு எல்லாம் அடி பிசகாம வரும். புதுசுதான் ஒண்ணும் நிக்கல. மாப்பிள்ளை வந்து பாத்துட்டு வாசல் தாண்டுறதுக்குள்ள, யாரு வந்துட்டுப் போறதுன்னு கேப்பா. எனக்குக் காப்பி போட்டுக் குடுப்பா. டம்ளரைக் கழுவிக் கவுத்திட்டு வந்து, "அத்தான், காப்பி போடட்டுமா?"ன்னு கேப்பா. ஒரு நாளைக்கு ஒம்பது காப்பி குடிச்சிருக்கேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அப்புறம்தான் இந்த ஆஸ்பத்திரியில ஞாபகப் பயிற்சி குடுக்காங்கன்னு கேள்விப்பட்டு, போன வருஷம் செப்டம்பர்ல வந்து சேந்தோம். முதல் நாளே ஒரு பரீட்சை வைப்பாங்க, உங்க அப்பாவுக்கும் இன்னைக்கு அதுதான். முப்பது மார்க். தேதி, கிழமை, எந்த இடம், எத்தனாவது மாடி. அஞ்சு வார்த்தை சொல்லுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சுத் திருப்பிச் சொல்லணும். கடியாரம் வரையணும். நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கணும். ஒரு நிமிஷத்துல எத்தனை மிருகம் சொல்லுதிய பாப்போம்பாங்க. அவ்வளவுதான், எல்லாம் எல்.கே.ஜி. கேள்வி. இருபத்தாறு எடுத்தாத்தான் பாஸ்.

இவ எடுத்தது பதினொண்ணு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பேரைத் தப்பா எழுதுறவனை எல்லாம் பத்தாவதுல கணக்குப் பாஸ் பண்ண வச்சவன் நான். மத்த வாத்தியார் கைகழுவின பிள்ளைகளை என் கிளாஸ்லதான் கொண்டு வந்து தள்ளுவாங்க. நான் என்ன செய்வேன்? வடிவியல் ஒண்ணு, கிராஃப் ஒண்ணு, புத்தகத்துல பாடத்துக்குப் பின்னாடி இருக்கிற ஒரு மார்க் கேள்வி. இது மட்டும் போதும்பேன். முக்கோணத்தை ஏன் வரையிறோம்னு கேக்காத, கை பழகுற வரைக்கும் வரை. பாஸ். எத்தனை தாய்மார் என் கையைப் பிடிச்சு அழுதிருக்காங்க தெரியுமா? அப்படிப்பட்டவன் வீட்டுல முப்பதுக்குப் பதினொண்ணு. அந்தத் தாளை மடிச்சுச் சட்டைப்பையில வச்சேன், பஸ்ல ஏரல் வரைக்கும் யாரு முகத்தையும் பாக்கல.

இங்க அஃப்ரின்னு ஒரு பிள்ளை இருக்கு. மேலப்பாளையம். அதுதான் பயிற்சி குடுக்கிறது, நல்ல பிள்ளைதான், கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். அது இவகிட்ட, "அம்மா, உங்களால எதைச் செய்ய முடிஞ்சா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?"னு கேட்டுது. நான் முந்திக்கிட்டு இருபத்தாறு எடுத்தாப் போதும்னேன். அந்தப் பிள்ளை என்னைப் பாக்கவே இல்ல, இவளையே பாத்துக்கிட்டிருந்தது. இவ, "தனியாக் கோயிலுக்குப் போயிட்டு வரணும்"னா.

வீட்டுல இருந்து கோயில் பத்து நிமிஷ நடை. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து இவ நடந்த பாதைதான். ஆனா ரோடு போட்டு, கடை மாறி, மரத்தை வெட்டி எல்லாம் புதுசாப் போச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் தெருமுக்குல போய் நின்னு முழிப்பா. அஃப்ரின் பிள்ளை ஒரு தாள்ல பாதையை எழுதிக் குடுத்தது. பச்சைக் கேட்டைத் திறந்து வலது பக்கம், மாவு மில் வந்தா நேர, தண்ணித்தொட்டி வந்தா இடது, அங்க இருந்து கோயில் மணிக்கூண்டு தெரியும். தினமும் ரெண்டு நேரம் இவகூட நடக்கணுமாம். அதே வார்த்தையை அதே இடத்துல சொல்லிக்கிட்டே நடக்கணுமாம். "கேள்வி மட்டும் கேக்காதீங்க சார். இப்ப எந்தப் பக்கம்னு கேட்டா அம்மா குத்துமதிப்பா ஒண்ணு சொல்வாங்க. தப்பாச் சொன்னா அந்தத் தப்பே ஒட்டிக்கும்"னு சொல்லிச்சு. தப்பு விடாம உலகத்துல எவன் படிச்சிருக்கான், சொல்லுங்க.

இருந்தாலும் நடந்தேன். பதினோரு நாள் நடந்தேன். மாவு மில்லு வாசல்ல நின்னுக்கிட்டு, "மாவு மில் வந்தா நேர"ன்னு நான் சொல்ல, வரிசையில நிக்கிற பொம்பளைக எல்லாம் சேலைத் தலைப்பால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்க, முப்பத்தொரு வருஷம் சாருன்னு நடந்த தெருவுல அப்படி நடந்தேன். பதினோராம் நாள் எனக்கு இருமல் வந்துட்டு, மில்லுகிட்ட ஒண்ணும் சொல்ல முடியல. இவ பாட்டுக்கு நேரப் போயிட்டா. தண்ணித்தொட்டிகிட்ட நின்னு, திரும்பி, நான் வாரனான்னு பாத்தா. என்னத்தையோ பழைய நினைப்புல போயிருப்பான்னு விட்டுட்டேன்.

அடுத்த நாள் இங்க வந்து அந்தப் பிள்ளைகிட்ட ஒரே கேள்வி கேட்டேன். இந்த நடைக்குப் பரீட்சையில எத்தனை மார்க்கு? மார்க்கெல்லாம் கிடையாது சார்னு சொல்லிச்சு. அன்னைக்கோட நடையை நிறுத்திட்டேன். மார்க்கு இல்லாத பாடத்தைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டிருந்தா பிள்ளை எப்படிப் பாஸாகும்?

வீட்டுக்கு வந்து ஒரு புது நோட்டுப் போட்டேன். இந்தா பாருங்க, இதுதான். பரீட்சை வைக்கும்போது பின்னாடி உக்காந்திருந்தேன் இல்லியா, கேள்வி எல்லாம் எனக்கு அத்துப்படி. காலையில அஞ்சரைக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் டியூஷன் பிள்ளைக வர்றதுக்கு முன்ன ஒரு மணி நேரம். சாப்பாட்டு மேஜையில நான் இந்தப் பக்கம், இவ அந்தப் பக்கம். தேங்காய், சைக்கிள், செருப்பு, மேகம், சிவப்பு. அஞ்சு வார்த்தை. சொல்லு. தேங்காய், சைக்கிள், அதுக்கப்புறம் முழிப்பா. மறுபடி சொல்லு. ஒரு நாளைக்கு நூறு தடவ. மிருகம் பதினஞ்சு, ஒரே வரிசையில. பசு, எருமை, ஆடு, பன்னின்னு போகும், வரிசை மாறப்படாது. கடியாரம் ரெண்டே முக்கால்.

நான் அடிக்கல தம்பி. கர்த்தர் சாட்சியா ஒரு நாளும் அடிக்கல. ஸ்கேலால மேஜையிலதான் தட்டுவேன். சில நாள் அழுவா. அஞ்சு நிமிஷத்துல எதுக்கு அழுதோம்னு மறந்துரும், அதுல ஒரு வசதி. ஆனா பாருங்க, ஸ்கேலை எடுத்தா மட்டும் தோளை ஒடுக்கிக்கிட்டு நிமிந்து உக்காந்துருவா. அது மட்டும் எப்படி மனசுல நின்னுதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

டிசம்பர் பரீட்சையில பத்தொம்பது. எட்டு மார்க் கூடுது. நான் விடுவேனா? அடுத்த பரீட்சைத் தேதியை அட்டையில எழுதிக் குடுத்தாங்க, மார்ச் பதினாலு, வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஜனவரியில இருந்தே அதைப் பாடத்துல சேத்துட்டேன். இன்னைக்கு என்ன தேதி? மார்ச் பதினாலு. என்ன கிழமை? வியாழக்கிழமை. எங்க இருக்கோம்? திருநெல்வேலி ஆஸ்பத்திரி, முதல் மாடி. கேள்வி முடியறதுக்கு முன்ன பதில் வந்து விழணும், அப்படிப் பழக்கினேன். அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் பதில் சொல்லிட்டு, "சரியா சார்?"னு கேட்டா. டியூஷன் பிள்ளைகளைப் பாத்துப் பழகிட்டான்னு நினைச்சேன். நானும் திருத்தல. சாருன்னு கூப்பிட ஆரம்பிச்ச பெறகு பதில் தடங்கல் இல்லாம வந்தது.

மார்ச் பதினாலு, முப்பதுக்கு இருபத்தேழு.

அன்னைக்கு அஃப்ரின் பிள்ளை கல்யாண லீவுல இருந்தது. வேற ஒருத்தர்தான் பரீட்சை வச்சாரு, அதே கேள்வித்தாள். அவரு பேனாவைக் கீழ வச்சிட்டு இவளையே பாத்தாரு. இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பாத்ததில்ல சார்னாரு. பாஸ் மார்க்குக்கு மேல போயிட்டதால இனிமே பயிற்சி தேவையில்ல, நாப்பது பேர் இந்த இடத்துக்குக் காத்திருக்காங்கன்னு சொல்லி எழுதி அனுப்பிட்டாரு. நான் இந்த வராந்தா பூராவும் லட்டு குடுத்தேன். வாட்ச்மேனுக்கு ரெண்டு.

பத்து நாள் கழிச்சுக் குருத்தோலை ஞாயிறு. அந்த வாரம் பத்தாங்கிளாஸ் பரீட்சை ஆரம்பம். காலையில இருந்து பதினாறு பையங்க எங்க வீட்டு ஹால்ல கிராஃப் போட்டுக்கிட்டிருக்காங்க. இவ வெள்ளைச் சேலை கட்டி, பைபிளை எடுத்துக்கிட்டு வந்து நிக்கா. கோயிலுக்குப் போகணும்கா. என்னால எந்திரிக்க முடியல. எனக்கு ஒரு நிமிஷம் கூட சந்தேகம் வரல தம்பி. இருபத்தேழு எடுத்தவ. அந்தா இருக்கு கோயிலு. "போயிட்டு வா எமிமா"ன்னு சொன்னேன். பச்சைக் கேட்டைத் திறந்து வலது பக்கம்தான் திரும்பினா, ஜன்னல் வழியாப் பாத்தேன்.

கோயிலுக்குப் போயிருக்கா. குருத்தோலை பிடிச்சுப் பவனியில வந்ததைப் பாத்தவங்க இருக்காங்க. திரும்பி வரும்போதுதான். மத்தியானம் வரைக்கும் காணலன்னதும் ஊரு பூராத் தேடினோம். ஆத்துக்குள்ள ஆள் இறக்கித் தேடினோம். மறுநாள் காலையில திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பூக்காரம்மா பாத்துருக்கா. ஒரு கால்ல செருப்பு இல்ல. சேலையெல்லாம் சேறு. கையில ஓலை மட்டும் அப்படியே இருக்கு. அந்த அம்மா போலீஸ்காரரைக் கூப்பிட்டுருக்கா. அவரு பேரைக் கேட்டிருக்காரு, எமிமான்னுருக்கா. போன் நம்பர் கேட்டிருக்காரு. தேங்காய், சைக்கிள், செருப்பு, மேகம், சிவப்பு. எந்த ஊர்மான்னு கேட்டிருக்காரு. திருநெல்வேலி ஆஸ்பத்திரி, முதல் மாடி, மார்ச் பதினாலு, வியாழக்கிழமை. நல்ல மனுஷன், ஜீப்புல ஏத்தி இங்கயே கொண்டு வந்து விட்டுட்டாரு.

ஏரல்னு ஒரு வார்த்தை, அத நான் சொல்லிக் குடுக்கல. அத எவன் கேள்வியில கேக்கப் போறான்னு விட்டுட்டேன்.

அந்த ஒரு ராத்திரி எங்க இருந்தா, யாரு என்ன செஞ்சா, எதுக்குச் சேறு, ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் சாகுற வரைக்கும் தெரியப்போறதில்ல. டாக்டரு எல்லாம் பரிசோதிச்சிட்டுக் கவலைப்பட ஒண்ணும் இல்லன்னாரு. கவலைப்பட ஒண்ணும் இல்லன்னா ஏன் என் கண்ணைப் பாத்துச் சொல்லல?

அஃப்ரின் பிள்ளை லீவு முடிஞ்சு வந்துட்டு. கையில மருதாணி கூடப் போகல. அது வேற ஒரு கேள்வித்தாளை எடுத்து வச்சுது. வேற அஞ்சு வார்த்தை, வேற கடியாரம். என்ன நியாயம் இது? நடத்தாத பாடத்துல கேள்வி கேட்டா எந்தப் பிள்ளைதான் எழுதும்? ஒம்பது மார்க்கு. முன்ன எடுத்த பதினொண்ணு கூட இல்ல. அந்தப் பிள்ளை என் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாத் திருப்பிச்சு. திட்டும்னு பாத்தேன், திட்டல. "சார், அம்மாவுக்குப் புதுசா ஒண்ணைப் பதிய வைக்கிறதுக்கு இந்த ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. திரும்பத் திரும்பச் சொன்னா ஒட்டும். வீட்டு விலாசத்தை ஒட்ட வச்சிருக்கலாம், கேஸை அணைக்கிறதை ஒட்ட வச்சிருக்கலாம். நீங்க பரீட்சையை ஒட்ட வச்சுட்டீங்க"ன்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டுது.

அப்படிச் சொல்லலாமா தம்பி? மூணாம் கிளாஸ் பிள்ளை சிலேட்டுன்னா எச்சியைத் தொட்டு அழிச்சிட்டு மறுபடி எழுத மாட்டமா?

அழிக்கத்தான் பாத்தோம், உள்ளதைச் சொல்லணும்லா. அந்தப் பிள்ளை பெரிய டாக்டர்கிட்டக் கெஞ்சி இன்னும் மூணு மாசம் வாங்கிக் குடுத்தது. அதுவே ரெண்டு தடவ ஏரலுக்குப் பஸ் ஏறி வந்து இவ கையைப் பிடிச்சு நடந்தது. அந்தப் பிள்ளையோட சேந்து நானும் நடந்தேன். இந்தத் தடவ எவ சிரிச்சா எனக்கென்னன்னு நடந்தேன். ஒண்ணும் நடக்கல தம்பி. மாவு மில்லு வந்ததும் இவ நின்னுருவா. நின்னு என் முகத்தைப் பாப்பா. தேங்காய், சைக்கிள், செருப்புன்னு ஆரம்பிச்சிருவா. நான் ஒண்ணும் கேக்கவே இல்ல, ஆனாலும் சொல்லுவா. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுச் சொல்லுவா. கேஸ் பில்லு, பைபிள் ஓரம், எது கையில கிடைச்சாலும் ரெண்டே முக்கால் மணிக் கடியாரத்தை வரைஞ்சு வைப்பா. வீட்டுல எங்க பாத்தாலும் ரெண்டே முக்கால். காப்பி போடட்டுமான்னு கேக்கிறது நின்னு போச்சு. ஒம்பது காப்பியில ஒண்ணு கூட இல்ல. அடுப்படிப் பக்கம் இவ போறதே இல்ல, நான்தான் போட்டுக் குடுக்கேன்.

ஆடி மாசத்தோட பயிற்சியை நிப்பாட்டிட்டாங்க. இனி செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, பத்திரமாப் பாத்துக்கிடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. மக கோயம்புத்தூர்ல இருக்கா, அங்க கூட்டிட்டு வாங்கப்பாங்கா. போன்ல இவகிட்ட, "அம்மா, நான் யாருன்னு சொல்லு"ன்னு கேட்டா. இவ பசு, எருமைன்னு ஆரம்பிச்சா. அவ போனை வச்சவதான், அதுக்கப்புறம் என்கிட்ட மட்டும்தான் பேசுதா.

அதனாலதான் இந்த மனு. செவ்வாய்க்கிழமைதோறும் வாரேன். மனுக் குடுக்கிறவனுக்கு டோக்கன் கிடையாதாம், கடைசியில பாப்போம்கான். நான் புதுசா ஒண்ணும் கேக்கல. பழைய கேள்வித்தாளை ஒரே ஒரு தடவ வையுங்கன்னு எழுதியிருக்கேன். இவ இருபத்தேழு எடுத்து நான் கண்ணால பாத்தேன். எடுத்தவ திரும்ப எடுப்பா. எடுத்துட்டான்னா இவளுக்கு அறிவு இருக்குன்னு அர்த்தம், பயிற்சி குடுத்துத்தானே ஆகணும்? இல்லன்னா அந்த இருபத்தேழுக்கு என்ன அர்த்தம்? நான் அந்த ஆறு மாசம் காலையிலயும் சாயங்காலமும் எதிர்ல உக்காந்து செஞ்சதுக்கு என்ன அர்த்தம்? சொல்லுங்க.

நீங்க இந்த நோட்டை வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கிடுங்க. கீழ கேட்டுக்கு எதிர்ல கடை இருக்கு. உங்க அப்பாவுக்கும் இதே கேள்விதான் வரும். வேண்டாமா? ஏன் தம்பி? ஏன் அப்பாவைக் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் இழுத்துக்கிடுதிய? நான் அவரை ஒண்ணும் கேக்க மாட்டேன்.

நம்பலன்னா பாருங்க. எமிமா, இங்க பாரு. இன்னைக்கு என்ன தேதி?

கேட்டியளா, மார்ச் பதினாலு. அந்த அஞ்சு வார்த்தை? கேட்டியளா? ஒண்ணு பிசகுதா? மூச்சு விடுறாளா பாருங்க. போதும் எமிமா. போதும்மா. நூறுல இருந்து கழிக்க வேண்டாம், நான் கேக்கல.

அந்த அஃப்ரின் பிள்ளை கேள்வியே கேக்காதீங்க சார்னுதான் கடைசியாச் சொல்லிச்சு. என்னால முடியல தம்பி. கேக்காம இருந்தா வீடு அமைதியாக் கிடக்கு. நேத்துக் காலையில இவ ஜன்னல்கிட்ட வெயில்ல உக்காந்திருந்தா, முகம் பழையபடி இருந்தது. காப்பியைக் கையில குடுத்தேன். மனசு கேக்கல, கேட்டுட்டேன். எமிமா, நான் யாரும்மான்னு கேட்டேன். டம்ளரைக் கீழ வச்சிட்டுக் கையைக் கட்டிக்கிட்டா. அப்புறம் பயந்து போய்ச் சொல்லுதா, "அது நீங்க இன்னும் சொல்லிக் குடுக்கலியே, சார்."

அவ சொன்னதுல தப்பு இல்ல, நான் சொல்லிக் குடுக்கலதான். நோட்டுல கடைசிப் பக்கத்தைப் பாருங்க, நேத்தே எழுதிச் சேத்துட்டேன். முப்பத்தொண்ணாவது கேள்வி, நான் யாரு? விடை, அத்தான். ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லணும். இன்னைக்குக் காலையிலயே ஆரம்பிச்சிட்டேன், பஸ்ல வரும்போது இருபத்து மூணு தடவ ஆச்சு.

சொல்லு எமிமா. தம்பிக்குச் சொல்லிக் காட்டு. நான் யாரு?